போர்ப் பொருளாதாரம்: கம்ப்யூட்டரில் லாபம், காட்டுப்பள்ளியில் யாருக்கு?

ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் அறையில் விளக்கு எரிந்தால் ரெண்டே காரணம்தான். ஒன்று, மறுநாள் பரீட்சை. இன்னொன்று, 'சிவிலைசேஷன்'. 1991ல் சிட் மெயர் செய்த இந்த விளையாட்டு பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிறது. 2005ல் வந்த நாலாம் பாகத்துக்கு இன்றும் தீவிர பக்தர்கள் உண்டு. ஆளுக்கு ஒரு முறை. முறை வந்ததும் ஊர் கட்டலாம், வயல் உழலாம், படை திரட்டலாம். பக்கத்து நாட்டுக்காரனும் அதையே செய்வான். கி.மு. 4000ல் ஆரம்பித்து விண்வெளி யுகம் வரை ஒரு நாகரிகத்தை வளர்க்க வேண்டும்.

இதில் ஜெயிக்கப் பல வழிகள் உண்டு. ஆனால் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் வழி ஒன்றுதான்: போர்ப் பொருளாதாரம். திட்டம் ரொம்ப சிம்பிள். முதலில் வெண்கலம் கண்டுபிடி. காட்டை வெட்டு, வெட்டிய மரம் உற்பத்தியாக மாறும். அடிமை முறையைக் கொண்டுவா, ஊர் ஜனத்தொகையில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டால் படை உடனே தயார். பக்கத்து ஊரைப் பிடி, கஜானா கைக்கு வரும். போகிற வழியில் அவன் பண்ணையையும் சுரங்கத்தையும் கொளுத்து, அதற்கும் காசு. அந்தக் காசில் அடுத்த படை, அந்தப் படையால் அடுத்த ஊர். போரே போருக்குச் சம்பளம் கொடுக்கும்! சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டாக இருக்கும்வரை யாருக்கும் புகார் இல்லை. வம்பு எங்கே வருகிறது என்றால், ஆட்டத்தை மூடிவிட்டு வெளியே வந்த பிறகும் இதே திட்டத்தை நாட்டுக்குச் சிபாரிசு செய்கிறவர்களிடம்தான். "ரெண்டாம் உலகப் போர்தான் அமெரிக்காவைப் பணக்காரனாக்கியது." "ராணுவ ஆர்டர் வந்தால்தான் தொழிற்சாலை வளரும்." "காட்டுப்பள்ளியில் போர்க்கப்பல் கட்டுகிறார்கள், வடசென்னைக்கு இனி ராஜயோகம்." "ராஜேந்திர சோழன் கடாரம் வரை போனதால்தான் தமிழன் செழித்தான்." டீக்கடையில், கேண்டீனில், தேர்தல் மேடையில் எங்கும் இந்தப் பாட்டுதான். கொஞ்சம் படித்தவர்கள் இதற்கே 'பாதுகாப்புத் தொழில் வளர்ச்சி' என்று அழகாகப் பெயர் வைத்துக்கொள்வார்கள்.

சரி, சோதித்துப் பார்க்கலாம். அதற்கு வாஷிங்டனும் வேண்டாம், பெர்லினும் வேண்டாம். ராயபுரத்தில் ஆரம்பித்து திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று வடக்கே போகிற ஒரு கடற்கரைத் துண்டு போதும். இந்த ஆட்டத்தை அந்தத் துண்டு நானூறு வருஷமாக நிஜமாகவே ஆடியிருக்கிறது.

பழவேற்காடு: நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்டம்

1610ல் டச்சுக்காரர்கள் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி பழவேற்காட்டில் கடை விரித்தார்கள். 1612ல் சாந்தோமிலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் வந்து அதைத் தாக்கினார்கள். 1613ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அதுதான்.

வந்தது எதற்கு? துணிக்கு. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைவித்தவர்களுக்கு வெள்ளியைவிட சோழமண்டலத் துணிதான் பிடித்தது. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, மசாலா வாங்கி, ஐரோப்பாவில் விற்றால் கொள்ளை லாபம். இந்த வியாபாரத்துக்குப் போர் தேவையே இல்லை. அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் தமிழ் வணிகர்களும், முஸ்லிம் மரக்காயர்களும், குஜராத்திகளும் போர் இல்லாமலேதான் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் யான் பீட்டர்ஸூன் கூன் என்ற கம்பெனி அதிகாரிக்கு வேறு திட்டம். போர் இல்லாமல் வணிகம் இல்லை, வணிகம் இல்லாமல் போர் இல்லை என்ற கருத்தில் 1614ல் தன் மேலாளர்களுக்கு அவர் எழுதிய கடிதம் வரலாற்றில் பிரசித்தம். சிவிலைசேஷன் ஆடுகிறவனின் திட்டத்தை ஒரே வரியில் சொன்ன மாதிரி இல்லை? 1619ல் அவர் கவர்னர் ஜெனரல் ஆனார். 1621ல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளின் மேல் படையெடுத்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் அந்தத் தீவுகளில், கொல்லப்பட்டவர்கள், பட்டினியில் செத்தவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள், ஓடிப்போனவர்கள் எல்லாம் போக மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில்தான் என்கிறார்கள்.

இதில் பழவேற்காட்டுக்கு என்ன வேலை? ரெண்டு வேலை. முதலாவது வெடிமருந்து. கோட்டையை ஒட்டி நடந்த வெடிமருந்து ஆலை, கம்பெனியின் கப்பல்களுக்கும் கிழக்கே இருந்த அதன் கோட்டைகளுக்கும் சரக்கு அனுப்பியது. இன்றைய பாஷையில் சொன்னால், தமிழ்நாட்டின் முதல் ஏற்றுமதி ரகப் 'பாதுகாப்புத் தொழில் பூங்கா' பழவேற்காட்டில் பதினேழாம் நூற்றாண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது.

ரெண்டாவது, ஆட்கள். பண்டாவைக் காலி செய்தாயிற்று, ஜாதிக்காய் தோட்டத்தில் யார் வேலை செய்வது? பத்தேவியாவைக் கட்டுவது யார்? வேங்கடபதி 1614ல் இறந்ததும் விஜயநகரத்தில் வாரிசுச் சண்டை வெடித்து, தொண்டைமண்டலம் நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது. போரும் பஞ்சமும் சேர்ந்து வந்த வருஷங்களில் ஜனங்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றார்கள். பழவேற்காட்டிலிருந்தும் அடுத்த துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக அடிமைகள் கிழக்கே போனார்கள். விளையாட்டில் 'ஜனத்தொகையில் ரெண்டு குறைத்துக்கொள்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது நிஜத்தில் இப்படித்தான் இருந்தது.

கம்பெனிக்கு லாபம் வரவில்லையா? வந்தது! பங்குதாரர்களுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 18 சதவீத அளவில் டிவிடெண்ட் போனதாகச் சொல்வார்கள். போர்ப் பொருளாதாரம் யாருக்கும் லாபம் தராது என்று வாதிடுவது முட்டாள்தனம். லாபம் ஆம்ஸ்டர்டாமில் விழுந்தது, செலவு பழவேற்காட்டிலும் பண்டாவிலும் விழுந்தது. கணக்கு எழுதுகிறவன் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருந்தால் இது வெற்றிகரமான திட்டம்தான்.

அந்த ஆம்ஸ்டர்டாம் கணக்கும் கடைசிவரை தாங்கவில்லை. கோட்டைகளும் படைகளும் தின்றுகொண்டே இருந்தன. 1780 முதல் 1784 வரை இங்கிலாந்தோடு நடந்த நாலாவது போரில் கம்பெனியின் முதுகெலும்பு முறிந்தது. 1799 இறுதியில் கம்பெனியே இல்லை. கடனை டச்சு அரசாங்கம் தலையில் கட்டிக்கொண்டது. பழவேற்காடு 1825ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மிச்சம் ஒரு இடிந்த கோட்டை மேடும், தொல்லியல் துறை பாதுகாக்கும் ஒரு கல்லறைத் தோட்டமும். அந்தக் கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கும் கப்பல்களும் மண்டையோடுகளும் சொல்வதைவிடச் சிறந்த ஆண்டறிக்கை அந்தக் கம்பெனிக்குக் கிடையாது.

கட்டத்துக்குள் ஆள் இருக்கிறார்கள்

விளையாட்டை ஒரேயடியாகக் குறை சொல்வதும் நியாயம் இல்லை. செய்தவர்கள் புத்திசாலிகள். போர் நீண்டால் ஜனங்களுக்குச் சலிப்பு வரும், ஊர்கள் கூடினால் பராமரிப்புச் செலவு ஏறும், தொழிற்சாலை கட்டினால் ஊரில் நோய் கூடும் என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அடிப்படையில் ஒரு ஓட்டை உண்டு. பூமி கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் மீன் இருந்தால் அது 'உணவு' என்று ஒரு எண். அந்த மீனைப் பிடிக்கிறவனுக்கு வீடு இல்லை, பெண்டாட்டி இல்லை, கோயில் திருவிழா இல்லை. அந்தக் கட்டத்தை எரித்தால் எண் குறையும், அவ்வளவுதான்.

இந்தக் கடற்கரைக்கு அது எப்படி இருந்தது? 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டது. குறி என்ன? பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். லட்சக்கணக்கான காலன் எண்ணெய் எரிந்தது. அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு ரயில் ஏறியும் வண்டி கட்டியும் ஊரைக் காலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில். 'எம்டன்' என்ற வார்த்தை தமிழில் இன்றும் வாழ்வது அந்த அரை மணி நேரத்தால்தான். போருக்கு உதவும் தொழில் ஒரு ஊருக்கு வந்தால், எதிரியின் வரைபடத்தில் அந்த ஊருக்கு ஒரு சிவப்புப் புள்ளியும் சேர்ந்தே வரும். முதலீட்டு அறிக்கையில் அதை யாரும் எழுதுவதில்லை.

இன்னும் கொடுமையான உதாரணம் வங்காளத்தில். 1942ல் ஜப்பான்காரன் பர்மா வரை வந்துவிட்டான். அவன் கையில் சிக்கக் கூடாதென்று, கிழக்கு வங்காளக் கடலோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையெல்லாம் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்தது, உடைத்தது. பல்லாயிரக்கணக்கான படகுகள்! போர்க்கணக்குப்படி கச்சிதமான நகர்வு. ஆனால் படகு போனதும் மீனவன் பிழைப்பு போனது, அரிசி வரும் வழியும் போனது. மறு வருஷம் பஞ்சம், சுமார் 30 லட்சம் பேர் சாவு. பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் விழுந்தவர்களில் அந்தப் படகுக்காரர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. கட்டத்துக்குள் ஆள் இருக்கிறான் என்பதை மறந்தால் இதுதான் நடக்கும்.

அமெரிக்கக் கதைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ரெண்டாம் உலகப் போர் அங்கே வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தது என்பது உண்மை. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு யூனிஃபார்ம் மாட்டிவிட்டால் எந்த நாட்டிலும் ஒழியும். 1942 பிப்ரவரியில் ஜனங்களுக்கான கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. சர்க்கரை, கறி, பெட்ரோல் எல்லாம் ரேஷன். போர்க்கால 'செழிப்பு' என்பதே கணக்கு மாயை என்று ராபர்ட் ஹிக்ஸ் 1992ல் விரிவாக எழுதினார். அதைவிட முக்கியம், அவர்கள் மண்ணில் தொழிற்சாலைகள் மேல் குண்டு விழவில்லை. ஜெயித்த இன்னொரு நாடான இங்கிலாந்து என்ன ஆனது? போர் முடிந்ததும் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தது. அறுபது வருஷம்!

"புல்லட்டை மறந்துட்டீங்களே?"

எதிர்க்கட்சி இப்போது திருவொற்றியூரை இழுக்கும். இழுக்கட்டும், நல்ல வாதம்தான். எல்லையில் ரோந்து சுற்ற இந்திய ராணுவம் 800 புல்லட் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955ல் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ராணுவம் இல்லாவிட்டால் புல்லட் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதே.

ஆனால் 800 வண்டியில் ஒரு தொழிற்சாலை எழுபது வருஷம் ஓடுமா? இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த தாய்க் கம்பெனி 1970ஓடு மூடுவிழா கண்டது. திருவொற்றியூர் ஓடியது. ஓட்டியது யார்? போலீஸ்காரர், பால்காரர், மிராசுதார், பிறகு லடாக் போகிற ஐ.டி. பையன்கள். ராணுவம் கொடுத்தது உதை ஸ்டார்ட் மட்டும்தான். வண்டியை ஓட்டியது பொதுஜனம்.

எண்ணூர் அசோக் லேலண்டைப் பாருங்கள். 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து ஆஸ்டின் கார் பூட்டிய இடம். இன்று ராணுவத்துக்கு ஸ்டாலியன் லாரிகள் போகின்றன, உண்மை. ஆனால் வடசென்னையில் எத்தனை குடும்பத்துக்கு அந்த கேட் சோறு போட்டதோ, அந்தச் சோற்றில் பெரும்பங்கு மாநகரப் பேருந்திலிருந்தும் மணல் லாரியிலிருந்தும் வந்தது. ஸ்டாலியனைச் செய்யும் திறமையே பஸ் செய்து பழகிய கையில் இருந்துதான் வந்தது. காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக மாட்டக் கூடாது.

பொதுஜனம் வாங்காத பொருளை மட்டுமே செய்தால் என்ன ஆகும் என்று தெரிய ஆவடிக்குப் போகவேண்டும். கனரக வாகனத் தொழிற்சாலையில் அர்ஜுன் டாங்கிக்கு 2000ல் 124 ஆர்டர். அவை முடிந்ததும் அடுத்த ஆர்டருக்காக அந்த வரிசை வருஷக்கணக்கில் வாய் பார்த்துக்கொண்டு நின்றது. 118 டாங்கிகளுக்கான அடுத்த ஆர்டர், 7,523 கோடி ரூபாய்க்கு, 2021 செப்டம்பரில்தான் வந்தது. நடுவில் அந்த வரிசையை நம்பியிருந்த சிறு பட்டறைகள் எதைச் செய்து பிழைப்பது? டாங்கியை சந்தையில் கூறுபோட்டு விற்க முடியுமா?

காட்டுப்பள்ளி: ஒரே ஒரு வாடிக்கையாளர்

இப்போது காட்டுப்பள்ளிக்கு வரலாம். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும். நடுவே ஒல்லியான மணல் திட்டு. அதில் எல் அண்ட் டி நிறுவனமும் டிட்கோவும் சேர்ந்து கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தன. துறைமுகம் 2013 ஜனவரியில் திறக்கப்பட்டு, 2018ல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. கப்பல் தளம் எல் அண்ட் டி வசம்.

அந்தத் தளத்தின் தொழில்திறமையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2015ல் கடலோரக் காவல் படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்கள், சுமார் 1,432 கோடி ரூபாய். முதல் கப்பல் விக்ரம் 2018ல் படையில் சேர்ந்தது, ஏழாவது விக்ரஹா 2021 ஆகஸ்ட்டில். அரசுத் தளங்களே வருஷக்கணக்கில் தாமதிக்கும் நாட்டில் இது சாதனை. 8,000 டன் கப்பலைத் தூக்கும் மிதவைத் தளம் 2017ல் இங்கிருந்து நீரில் இறங்கியது. கொல்கத்தா நிறுவனம் ஒப்பந்தம் எடுத்த ஐ.என்.எஸ். அர்னாலாவும் 2022 டிசம்பரில் இங்கேதான் நீரில் இறங்கியது. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ பழுது பார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவுக்கு ரிப்பேருக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அப்புறம் என்ன பிரச்சினை? வெல்டரின் கையில் பிரச்சினை இல்லை. வாங்குகிறவன் ஒருத்தன்தான், அதுதான் பிரச்சினை. கடற்படை நான்கு பெரிய தரையிறங்கு கப்பல்களுக்கு 2013ல் டெண்டர் விட்டது. எல் அண்ட் டியும் குஜராத்தின் பிபாவாவ் தளமும் போட்டியில் இருந்தன. ஏழு வருஷம் இழுத்து 2020ல் டெண்டரே ரத்து. பிபாவாவின் கதி தெரியுமா? 2011ல் கையெழுத்தான ஐந்து ரோந்துக் கப்பல்களில் ஒன்றைக்கூடக் கடற்படையிடம் ஒப்படைக்காமலேயே 2020ல் திவால் நீதிமன்றப் படி ஏறியது. எல் அண்ட் டி மாதிரி மலைமுழுங்கி நிறுவனம் ஏழு வருஷம் காத்திருக்கும், மற்ற வியாபாரத்திலிருந்து எடுத்துப் போடும். அதன் காம்பவுண்டு சுவருக்கு வெளியே இருக்கிற ஒப்பந்தத் தொழிலாளி காத்திருக்க முடியுமா?

உலகம் கப்பலில் எப்படிப் பணக்காரனானது என்று பாருங்கள். 1972ல் கொரியாவின் உல்சானில் ஹூண்டாய் தளத்துக்கு அடிக்கல் நாட்டியபோது அவர்கள் கையில் இருந்தது ஒரு கிரேக்க முதலாளி கொடுத்த எண்ணெய்க் கப்பல் ஆர்டர். போர்க்கப்பல் அல்ல! எண்ணெய்க் கப்பல், கன்டெய்னர் கப்பல் என்று சரக்குக் கப்பல் கட்டியே உச்சிக்குப் போனார்கள். இன்று உலகின் சரக்குக் கப்பல் உற்பத்தியில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சீனா, கொரியா, ஜப்பான் மூன்றும்தான். இந்தியாவின் பங்கு ஒரு சதவீதம்கூடக் கிடையாது. உல்சான் பிற்பாடு போர்க்கப்பலும் கட்டியது, சரக்குக் கப்பலில் கற்ற வித்தையை வைத்து. புல்லட் கதையும் உல்சான் கதையும் ஒரே கதைதான்.

அதே கடற்கரையில் இன்னொரு காட்சி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்த எண்ணெயை அள்ளியது எதைக் கொண்டு? பிளாஸ்டிக் வாளி! கடலோரக் காவல் படையினர், மாணவர்கள், மீனவர்கள் வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சி.பி.சி.எல். எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர்கள் படகிலிருந்து கையால் அள்ளினார்கள். எட்டாயிரம் டன்னைத் தூக்கும் தளத்தைக் கட்டத் தெரிந்த கடற்கரையில், எண்ணெய் அள்ளும் ஆயுதம் வாளி. எதற்கு ஆர்டர் வரும், எதற்கு வராது என்பதுதான் ஒரு பொருளாதாரத்தின் யோக்கியதை.

கேள்வி கேட்கக் கூடாத தொழில்

போர்ப் பொருளாதாரத்தின் நிஜமான ஆபத்து பணத்தில்கூட இல்லை, வாயை மூடுவதில் இருக்கிறது. 2006ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஒரு விதிவிலக்கு உண்டு. தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றோ 'கேந்திர முக்கியத்துவம்' உள்ளது என்றோ மத்திய அரசு முடிவு செய்த திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவும் பாதுகாப்பு என்றால் கதவைச் சாத்தும். 2021ல் நாற்பத்தொரு ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தபோது, ஆவடி உள்படப் பல ஊர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யப் புறப்பட்டார்கள். உடனே வேலைநிறுத்தத்தையே தடை செய்யும் சட்டம் ஒன்றை ஓராண்டுக் காலத்துக்குப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். டாங்கி செய்கிறவன் கூலி கேட்டால் அது தேசப் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடுகிறது!

கேள்வி கேட்கும் உரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே ஊர்தான் சாட்சி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாகப் பெருக்கும் திட்டம், 6,110 ஏக்கர், அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுப்பது. இது வணிகத் துறைமுகம் என்பதால் கருத்துக்கேட்பு கட்டாயம். 2021 ஜனவரியில் வைத்த கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது. மீனவர்களும், பழவேற்காடு ஏரியின் கதி பற்றிக் கவலைப்பட்டவர்களும், மாணவர்களும் எழுப்பிய கேள்விகள் ஊர் முழுக்கப் பரவின. திட்டம் நல்லதோ கெட்டதோ, வாதமாவது நடந்தது. அதே திட்டத்தின் நெற்றியில் 'பாதுகாப்பு' என்று பொட்டு வைத்துவிட்டால்? வாதத்துக்கு இடம் ஏது? அதனால்தான் நாடு முழுக்க யாருக்கு எந்த நிலம் வேண்டுமானாலும் முதலில் 'கேந்திர முக்கியத்துவம்' என்ற வார்த்தையைத் தேடுகிறார்கள்.

கடாரம் கொண்டான், சுங்கம் தவிர்த்தான்

கடைசியாக சோழர் சீட்டு. 1025ல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பியது நிஜம். ராஜராஜன் சேர பாண்டியரை வென்று கொண்டுவந்த பொக்கிஷத்திலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. கொள்ளை வந்தது, கோயிலும் எழுந்தது. ஆனால் கொள்ளை ஒரு முறைதான் வரும். விளையாட்டில் பிடித்த ஊரின் கஜானா ஒரே ஒரு தடவைதான் திறக்கும், மறு டர்னிலிருந்து அந்த ஊர் செலவுக் கணக்கு. சோழர்களுக்கும் அதே விதிதான். ஈழத்தையும் பாண்டிய நாட்டையும் பிடித்து வைத்திருக்கத் திரும்பத் திரும்பப் படை போனது.

கடல் கடந்து நிலைத்தது எது? சுமத்ராவின் பாரூஸில் 1088ல் தமிழில் கல்வெட்டு வெட்டியது படைத்தலைவன் இல்லை, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. அப்போது சோழ நாட்டு அரசன் முதலாம் குலோத்துங்கன். அவனுக்கு ஜனங்கள் கொடுத்த பட்டம் 'சுங்கம் தவிர்த்த சோழன்'. கடாரம் கொண்டான் பட்டத்தைப் படத்துக்கும் பனியனுக்கும் போடுகிறவர்கள் இந்தப் பட்டத்தை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுக் கதையும் உண்டு. இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. முடிந்த பிறகும் பாதுகாப்புச் செலவு இறங்கவில்லை. பட்ஜெட்டின் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்றாகவே தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. திவாலுக்கு வரிக் குறைப்பு, கொரோனா, உரத்தடை என்று பல காரணங்கள். ஆனால் பெட்ரோலுக்கும் பாலுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றபோது, அந்தப் பெரிய படையால் ஒரு லிட்டர் டீசலைச் சம்பாதித்துத் தர முடிந்ததா?

பூட்டு வேண்டும், பூட்டு சோறு போடாது

"அப்ப நேவியே வேண்டாங்கறீங்களா?" என்று கிளம்புவார்கள். வேண்டும். புயலில் சிக்கிய மீனவனைத் தேடிப் போவது அந்த ரோந்துக் கப்பல்தான். வீட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பூட்டு வாங்குவது செலவு. பத்துப் பூட்டு வாங்கினால் பத்து மடங்கு பணக்காரன் ஆவோம் என்பவனை என்ன சொல்வது? பாதுகாப்பைப் பாதுகாப்புக்காக வாங்குங்கள், தேவையான அளவு, கணக்குக் காட்டி. அதை 'வளர்ச்சித் திட்டம்' என்று விற்காதீர்கள்.

காட்டுப்பள்ளிக்கு நிஜமாகவே நல்லது செய்ய வேண்டுமா? அந்தத் தளத்துக்கு சரக்குக் கப்பல், எண்ணெய் அகற்றும் கப்பல், ஆழ்கடல் மீன்பிடிப் படகு என்று ஆர்டர் கொடுங்கள். 2017ல் பாக் நீரிணை இழுவைப் படகுகள் 2,000ஐ ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை. ஊரை விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை கொடுங்கள். ஒப்பந்தக் கூலியாகவே வைத்திருப்பதை எதிர்த்து அந்த மீனவர்கள் போராடியது வெறும் சம்பளத்துக்காக இல்லை. கடல் போனதற்கு ஈடு கேட்டார்கள்.

டர்ன் முறைப் பொருளாதாரத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரே தேவையில்லை. பழவேற்காடு ஏரியில் தலைமுறை தலைமுறையாக 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். முறை தவறினால் பஞ்சாயத்து. அதிலும் குறை உண்டு. உரிமை ஒரு சமூகத்துக்கு மட்டும் என்று மற்றவர்களை ஒதுக்கியதால் ஏரியில் சண்டையும் நடந்திருக்கிறது. அந்தக் குறையைத் திருத்த வேண்டியதுதான்.

ஆனாலும் அந்த முறையில் ஒரு விஷயம் உண்டு. ஒருவன் முறை முடிந்தபின் அடுத்தவனுக்கு ஏரியில் இறால் மிச்சம் இருக்க வேண்டும். கெல்ட்ரியா கோட்டை எழுந்து, வெடிமருந்து விற்று, இடிந்தும் போயிற்று. பாடு இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த ஏரியையும் அந்தக் கரையையும் யாருடைய வெற்றிக் கணக்கிலாவது ஒரு கட்டமாக எழுதுவதற்கு முன், அங்கே முறைக்காகக் காத்திருக்கிறவனை ஒரு வார்த்தை கேளுங்கள்.